விழுந்த விதம்

பெண்டமியர் சாலை, மூன்றாம் மாடி, ஏழாம் முகப்பு.
படிவத்தில் ஒரே ஒரு வினைச்சொல்: ஃபெல்.
அதற்குக் கீழே ஐந்து பெட்டிகள்,
ஒன்றில் மட்டும் சரிக்குறி போடலாம்.

அழகுமணி, முப்பத்தொன்று, சாரம் கட்டுபவர்.
இடதுகாலில் முட்டிவரை மாவுக்கட்டு,
அதன்மேல் யாரோ பேனாவால் எழுதிய கைபேசி எண்.

"கேளுங்க," என்கிறாள் நூர்ஹயாத்தி.
"ஸ்லிப்பா, டிரிப்பா?"

வழுக்கினார் என்றால் சப்பாத்துக் காரணம்.
இடறினார் என்றால் கண்.
தவறி விழுந்தார் என்றாலோ
தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே தவறு இருக்கிறது.
சாய்ந்தார் என்று போட்டால் மரம்போல் மரியாதையாக இருக்கும்,
மரத்துக்கு இழப்பீடு கிடையாது.
குதித்தார் என்று எழுதிவிட்டால்
அதற்கு வேறு படிவம், வேறு கட்டடம்.

மேற்பார்வையாளரின் கடிதம் ஏற்கெனவே கோப்பில்:
ஸ்லிப்ட்.
ஒரே சொல்தான். முற்றுப்புள்ளியும் உண்டு.

போன ஜூனில் துவாஸிலிருந்து ஒருவர் வந்தார்.
வழுக்கினேன் என்றார், அப்படியே கொடுத்தேன்.
பிறகு மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது சொன்னார்,
"எண்ணெ கொட்டிக் கெடந்துச்சுக்கா,
அதையும் சேத்துத்தான வழுக்குனேன்னேன்."
நான் கொடுத்த சொல்லில் எண்ணெய் இல்லை.

பதினாறு வருடமாக இந்த வேலை.
எனக்குத் தெரிந்து எங்கள் மொழியில் விழாதது எதுவுமில்லை.
பார்வை விழும், முடிச்சு விழும்,
சொல்லாத பேச்சும் காதில் விழும்.
நாலு நம்பரில் பரிசு விழுந்த அன்று
தேக்காவில் பூக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்,
ஓர் எலும்பும் முறியவில்லை.
நூர்ஹயாத்தியின் மொழியிலும் ஜாத்து ஒன்றுதான்,
காதலுக்கும் அதே, காய்ச்சலுக்கும் அதே.

"எப்படி விழுந்தீங்க?"

"நான் விழலீங்க."

எங்கள் தலைக்குமேல் திரையில் ஓர் எண் மாறியது.

"பலக எறங்குச்சு. நான் அதுமேல நின்னேன்.
அது எறங்குனா நான் என்ன பண்றது,
நானும் எறங்குனேன்."

இறங்கினார்.
பேருந்திலிருந்து இறங்குவதுபோல், அட்டையைத் தட்டிவிட்டு,
நாலாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு.

எழுவாய் மாற வேண்டும். பலகைக்கு ஒரு வினை வேண்டும்.
ஆங்கிலம் ஒன்றை வைத்திருக்கிறது: கேவ் வே.
பாரம் தாங்காமல் பெயர்ந்து போவதை
வழிவிட்டது என்கிறது,
ரயிலில் கர்ப்பிணிக்கு எழுந்து இடம் தருகிற மாதிரி.
எவ்வளவு பண்பான பலகை!
சிரிப்பு வந்தது. அவர் காலைப் பார்த்தேன்,
போய்விட்டது.

ஐந்து பெட்டியையும் விட்டுவிட்டு
பிறவற்றில் எழுதச் சொன்னேன்.
நூர்ஹயாத்தி பேனாவை நிறுத்தினாள்.
"இது அவர் சொன்னதா, நீங்க சொல்றதா?"

நல்ல கேள்வி.
இரவு இரண்டு மணிக்கு என்னை நானே கேட்பது.
"இறங்கியது பலகை," என்றேன்.
"அதை அவர் சொன்னார். அதற்கு மேல்
பண்பாகச் சொன்னது உங்கள் ஆங்கிலம்."

அவள் யோசித்தாள். எழுதினாள்.
நான் வாசித்துப் பொருள் சொன்னேன்.
அழகுமணி முன்னால் குனிந்து பார்த்தார்.
"இதுல நான் எங்கக்கா?"

பலகை முதலில். வினை நடுவில்.
வரி முடியும் இடத்தில்தான் அவர்,
மூன்றே எழுத்தில்: ஹிம்.
விரலை வைத்துக் காட்டினேன்.

"பலக மேலயா, கீழயா?"

"மேல," என்றேன்.
அந்த வாக்கியத்தில் அவர் இன்னும் மேலேதான் நிற்கிறார்,
இரண்டு காலிலும்.

கையெழுத்துப் போட்டார், ஒவ்வோர் எழுத்தாக.
எழுவதற்குள், நாற்காலியில் சாத்தி வைத்த ஊன்றுகோல்
தடாலென்று.

எந்தப் பெட்டி என்று கேட்காமல்
மூவரும் குனிந்தோம்.